உண்ணுதல் கோளாறுக்கு வெளிநோயாளர் சிகிச்சை, பகல் சிகிச்சை: பெரியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

பகல் சிகிச்சை மையத்தில் நான் அதிகம் பயந்த நேரம் மாலை நாலரை மணி. மதியச் சாப்பாட்டுக்குக்கூட அவ்வளவு பயந்ததில்லை. உள்ளே இருக்கும்வரை எப்போது சாப்பிடுவது, எவ்வளவு, யாரோடு, சாப்பிட்டபின் என்ன செய்வது என்று எல்லாவற்றையும் வேறு யாரோ பார்த்துக்கொண்டார்கள். பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டால் இரவுச் சாப்பாடு என் பொறுப்பு. பகலில் நடந்ததெல்லாம் ஒத்திகை, இரவு என் சமையலறையில் நடப்பதுதான் ஆட்டம் என்பது எனக்குப் பிடிபட மூன்று வாரம் ஆயிற்று.

உள்நோயாளியாகப் படுக்காமல், வீட்டிலிருந்து போய்வந்து சிகிச்சை பெறும் பெரியவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டுக்குத் திரும்பிவிடுகிறோம் என்பதுதான் இந்தச் சிகிச்சையின் பெரிய வசதி. சங்கடமும் அதுவேதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் கலோரிக் கணக்கோ, எடை எண்ணோ, பிஎம்ஐ அளவோ வராது. இந்த நோய் உள்ளவர் ஒரு பக்கத்தைத் திறந்ததும் கண் முதலில் தேடுவது அந்த எண்களைத்தான். நானும் அப்படித் தேடியவள்தான்.

படி 1: "எனக்கு இருக்கிறதா இல்லையா" என்பதிலேயே நின்றுவிடாதீர்கள்

உண்ணுதல் கோளாறு என்றதும் எலும்பும் தோலுமான ஒரு இளம்பெண்தான் பலர் மனதில் வருகிறாள். அந்தப் படத்தால் காலம் கடத்திக் கெட்டவர்கள் ஏராளம். இந்தக் கோளாறு உள்ளவர்களில் பெரும்பாலோர் எடை குறைந்தவர்களே இல்லை. ஆண்கள் இருக்கிறார்கள். ஐம்பது வயதுக்காரர்கள் இருக்கிறார்கள். பிரசவத்துக்குப் பிறகு தொடங்கியவர்களும், பள்ளி நாளில் வந்து போய் மறுபடி வந்தவர்களும் இருக்கிறார்கள்.

பெயர்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டைச் சுருக்கிச் சுருக்கி எடை குறைந்துபோவது அனோரெக்சியா நெர்வோசா. அந்தப் பெயரை ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் கல் 1870-களிலேயே வைத்துவிட்டார். பெருமளவு உண்டுவிட்டு, வாந்தி, பேதி மாத்திரை போன்றவற்றால் அதை வெளியேற்றப் பார்ப்பது புலிமியா நெர்வோசா. அதைத் தனி நோயாக மனநல மருத்துவர் ஜெரால்ட் ரஸ்ஸல் விவரித்தது 1979-ல். கட்டுப்பாடு கைநழுவிப் பெருமளவு உண்டுவிட்டு, ஆனால் வாந்தி, பேதி மாத்திரை என்று எதையும் செய்யாத பிஞ்ச் ஈட்டிங் கோளாறு அமெரிக்க மனநலச் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேட்டில் தனி நோயாக ஏறியது 2013-ல்தான். அதே பதிப்பில்தான் ஏஆர்எஃப்ஐடி-யும் வந்தது. இதில் எடையைப் பற்றிய கவலை இருக்காது. உணவின் மணமோ பிசுபிசுப்போ ஒத்துக்கொள்ளாமல், அல்லது தொண்டையில் சிக்கிவிடும் என்ற பயத்தில் சாப்பாடு சுருங்கிப்போகும். இவை எதிலும் சரியாகப் பொருந்தாதவர்களும் உண்டு. பொருந்தவில்லை என்பதற்காக அவர்களுக்கு நோய் லேசு என்று ஆகிவிடாது.

1999-ல் வெளிவந்த ஸ்காஃப் என்ற ஐந்து கேள்விகள் மருத்துவர்களிடம் உண்டு. வயிறு தாங்கமாட்டாமல் நிறைந்துவிட்டது என்று நீங்களே வாந்தி எடுக்கிறீர்களா, எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பது கையை மீறிவிட்டதாகக் கவலைப்படுகிறீர்களா, உணவே உங்கள் வாழ்க்கையை ஆட்டிப்படைக்கிறது என்று சொல்வீர்களா என்ற ரகம். இரண்டு கேள்விக்கு "ஆமாம்" என்றால் முறையான மதிப்பீட்டுக்குப் போகவேண்டும். அதற்குமேல் இணையத் தேர்வுகளை எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். அதுவும் தள்ளிப்போடும் வழிதான்.

படி 2: உடம்பை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்

இது மனநோய்தானே, ஏன் ஈசிஜி என்று கேட்பவர்கள் உண்டு. இந்த நோய் உயிரைக் குடிக்கும் வழிகளில் ஒன்று இதயம் என்பதால்தான்.

குடும்ப மருத்துவரிடம் போகும்போது கேட்கவேண்டியவை: நாடித்துடிப்பு, உடல் வெப்பம், படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம், ஈசிஜி. ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், பாஸ்பேட், மெக்னீசியம், சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல், ரத்த அணுக்கள். மாதவிடாய் பல மாதமாக நின்றிருந்தாலோ எடை நெடுநாள் குறைந்தே இருந்தாலோ எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன். வாந்தி எடுப்பவர் பல் மருத்துவரையும் பார்க்கவேண்டும்.

மருத்துவரிடம் மறைக்கவே கூடாத நான்கு விஷயங்கள் இருக்கின்றன. வாந்தி, பேதி மாத்திரை, சிறுநீர் பெருக்கி மாத்திரை, நீரிழிவு உள்ளவர் என்றால் இன்சுலினைக் குறைப்பது. சொல்லக் கூச்சமாக இருக்கும். நான் ஒரு சீட்டில் எழுதி மேசைமேல் தள்ளினேன். அதுவே போதுமாக இருந்தது. வாந்தியும் பேதி மாத்திரையும் பொட்டாசியத்தை வெளியேற்றும். பொட்டாசியம் சரிந்தால் இதயத்தின் லயம் தப்பும். இது தெரியாமல் மருத்துவர் எடையை மட்டும் பார்த்து "ஒன்றுமில்லை" என்றால் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. என் முதல் ரத்தப் பரிசோதனையைப் பார்த்த ஒருவர், "எல்லாம் நார்மல், நல்லாச் சாப்பிடுங்க, சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்து இன்னும் ஏழு மாதம் ஓட்டினேன். உடம்பு கடைசிவரை சமாளித்துப் பார்க்கும், எண்களும் நெடுநாள் சரியாகவே இருக்கலாம். ரிப்போர்ட் நன்றாக இருப்பது நல்ல செய்திதான், நோய் இல்லை என்பதற்கான சான்றிதழ் ஆகாது.

மயக்கம், நெஞ்சுவலி, தாறுமாறான இதயத்துடிப்பு, உட்கார்ந்த இடத்திலிருந்து எழமுடியாத தசைத் தளர்ச்சி, வாந்தியில் ரத்தம், தண்ணீர்கூட இறங்காத நிலை, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம்: இவற்றில் எது இருந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

பல நாள் ஏறக்குறையப் பட்டினியாகவே இருந்தவர், "இனி திருந்திவிட்டேன்" என்று ஒரே நாளில் வயிறாரச் சாப்பிட ஆரம்பிப்பதும் ஆபத்து. உணவு உள்ளே போனதும் இன்சுலின் சுரந்து, ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் செல்களுக்குள் இழுத்துவிடும். ரத்தத்தில் அவை திடீரென்று வற்றிப்போகும். ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்பது இதுதான். முதல் ஓரிரு வாரம்தான் கண்டம். அப்போது உணவைக் கூட்டுவது மருத்துவர் கண்காணிப்பில், ரத்தப் பரிசோதனையோடு நடக்கவேண்டும்.

படி 3: எந்த அளவுச் சிகிச்சை உங்களுக்கு?

வெளிநோயாளர் சிகிச்சை என்றால் வாரம் ஒருமுறையோ இருமுறையோ சிகிச்சையாளரைப் பார்ப்பது, அதோடு மருத்துவரும் டயட்டீஷியனும். அதற்கு அடுத்தது தீவிர வெளிநோயாளர் சிகிச்சை. வாரத்தில் மூன்று முதல் ஐந்து நாள், நாளுக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம், பெரும்பாலும் ஒரு வேளைச் சாப்பாட்டையும் சேர்த்து. பகல் சிகிச்சை அதைவிடப் பெரியது. வாரத்தில் நாலைந்து நாள், ஆறு முதல் எட்டு மணி நேரம், இரண்டு மூன்று வேளை உணவு அங்கேயே. இரவு வீடு. அதற்கும் மேல் உள்நோயாளர் சிகிச்சை.

எடை மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை. உடல் எந்த வேகத்தில் சரிகிறது, ரத்தமும் ஈசிஜியும் என்ன சொல்கின்றன, தற்கொலை எண்ணம் இருக்கிறதா, வீட்டில் துணை இருக்கிறதா என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். எனக்குத் தெரிந்த எளிய உரைகல் ஒன்று உண்டு: அடுத்த வேளைச் சாப்பாட்டை, யாரும் பார்க்காதபோது, திட்டமிட்டபடி சாப்பிட்டு, வெளியேற்றாமல் இருக்க முடியுமா? "பெரும்பாலும் முடியும், சில நாள் சறுக்கும்" என்றால் வெளிநோயாளர் சிகிச்சை போதுமானதாக இருக்கலாம். "யாராவது கூட இருந்தால் முடியும்" என்றால் பகல் சிகிச்சையை யோசியுங்கள். "யார் இருந்தாலும் முடியாது" என்றால், அல்லது உடல் ஆபத்தில் இருந்தால், உள்நோயாளர் சிகிச்சை. முடிவு மருத்துவர் கையில். ஆனால் இந்தக் கேள்விக்கு உண்மையான விடை உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது.

பகல் சிகிச்சை என்பது உள்நோயாளர் படுக்கை கிடைக்காதவருக்கான ஆறுதல் பரிசு என்று நினைப்பவர்கள் உண்டு. டொராண்டோ பொது மருத்துவமனையில் 1985-லேயே உண்ணுதல் கோளாறுக்கென்று பகல் மருத்துவமனை தொடங்கிவிட்டார்கள். ஜெர்மனியில் அனோரெக்சியா உள்ள 172 வளரிளம் பெண்களை, மூன்று வாரம் உள்நோயாளியாக வைத்தபின் இரண்டாகப் பிரித்து, பாதிப்பேரை மருத்துவமனையிலேயே தொடரவும் பாதிப்பேரைப் பகல் சிகிச்சைக்கு மாற்றவும் செய்து பார்த்தார்கள். 2014-ல் வந்த முடிவில், பகல் சிகிச்சைக்குப் போனவர்கள் எடை மீட்பில் பின்தங்கவில்லை. அது பெரியவர்களைப் பற்றிய ஆய்வு அல்ல, அப்படியே நமக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும் இரண்டாம்தரம் என்ற எண்ணத்தைக் கைவிட அது போதும்.

படி 4: முதல் சந்திப்பில் அவர்கள் உங்களைக் கேட்பார்கள், நீங்களும் கேளுங்கள்

முதல் மதிப்பீடு ஒன்றரை மணி நேரம்வரை போகலாம். எடை வரலாறு, உண்ணும் முறை, வெளியேற்றும் பழக்கம், உடற்பயிற்சி, மனச்சோர்வு, மது, வீட்டுச் சூழல் என்று எல்லாம் வரும். எடையும் பார்ப்பார்கள். எண்ணைக் காண விருப்பமில்லை என்றால் முதல் நாள் சொல்லிவிடலாம். பிறகு அதுவே சிகிச்சையில் ஒரு விஷயமாக வரும்.

நீங்கள் கேட்கவேண்டியது: எந்தச் சிகிச்சை முறை, எத்தனை வாரம்? என் உடலை யார் கண்காணிப்பார், எவ்வளவு அடிக்கடி? சிகிச்சையாளரும் மருத்துவரும் டயட்டீஷியனும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்களா? நான் முன்னேறவில்லை என்றால் எப்போது, எப்படி முடிவு மாறும்? முடிந்தபின் தொடர் கவனிப்பு உண்டா?

"மூன்றே வாரத்தில் குணப்படுத்துகிறோம்" என்பவரிடமும், ரத்தப் பரிசோதனை பற்றிப் பேச்சே எடுக்காதவரிடமும், புலிமியாவோ பிஞ்ச் ஈட்டிங்கோ உள்ளவருக்கு முதல் நாளே எடைக்குறைப்பு டயட் அட்டை நீட்டுபவரிடமும் நான் இரண்டாவது தடவை போகமாட்டேன். உணவைக் கட்டுப்படுத்துவதுதான் பெரும்பாலும் அந்தக் கட்டுக்கடங்காத உண்ணலுக்கு விறகு. விறகை இன்னும் கொஞ்சம் போட்டு நெருப்பை அணைக்க முடியாது.

படி 5: வெளிநோயாளர் சிகிச்சை உள்ளே எப்படி இருக்கும்

அதிகம் ஆராயப்பட்டது சிபிடி, அதாவது நோயைத் தாங்கிப்பிடிக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சை. அதிலும் உண்ணுதல் கோளாறுக்கென்றே ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோஃபர் ஃபேர்பர்ன் உருவாக்கிய சிபிடி-ஈ. எடை குறையாதவருக்கு 20 வாரத்தில் 20 அமர்வு, எடை மிகக் குறைந்தவருக்கு ஏறக்குறைய 40. முதல் சில வாரம் வாரத்துக்கு இருமுறை வரச்சொல்வார்கள். அதைத் தொந்தரவு என்று நினைத்து ஒன்றைத் தவிர்க்காதீர்கள். முதல் நான்கு வாரத்தில் எவ்வளவு மாற்றம் வருகிறது என்பது முடிவில் எங்கே நிற்போம் என்பதற்கு நல்ல அறிகுறி.

பெரியவர்களின் அனோரெக்சியாவுக்கு மாட்ஸ்லி மருத்துவமனையை ஒட்டி வளர்ந்த மான்ட்ரா என்ற முறையும், எஸ்எஸ்சிஎம் என்ற ஆதரவு முறையும் உண்டு. மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இம்மூன்றையும் சமமாகவே வைக்கிறது. புலிமியாவுக்கும் பிஞ்ச் ஈட்டிங்குக்கும் அதே வழிகாட்டுதல் முதலில் சொல்வது வழிநடத்தப்படும் சுயஉதவி: ஒரு சிபிடி கையேடு, கூடவே 16 வாரத்தில் 4 முதல் 9 தடவை, தடவைக்கு 20 நிமிடம் ஒருவரோடு பேச்சு. நாலு வாரத்தில் பலிக்கவில்லை என்றால் நேரடி சிபிடி.

சிபிடி-யில் முதலில் கையில் வருவது ஒரு தாள். சாப்பிட்டது, நேரம், இடம், முன்னும் பின்னும் மனதில் ஓடியது. கலோரி எழுத இடமே இருக்காது. அதை ராத்திரி உட்கார்ந்து மொத்தமாக எழுதினால் அரைப்பயன்தான். அப்போதைக்கப்போது எழுதவேண்டும். என் தாள்களில் ஒன்று இப்போதும் என்னிடம் இருக்கிறது. "மாலை 6.40. நின்றுகொண்டே, ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்து. மதியம் சாப்பிடவில்லை. மீட்டிங்." என் சிகிச்சையாளர் 6.40-ஐ விட்டுவிட்டு "மதியம் சாப்பிடவில்லை" என்பதை வட்டமிட்டார். ஆறு மாதமாக மாலையில் எனக்கு மனவுறுதி இல்லை என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். ஓட்டை மதியத்தில் இருந்திருக்கிறது.

அந்த ஓட்டையை அடைப்பதற்குப் பெயர் ஒழுங்கான உண்ணல். மூன்று வேளை உணவு, இடையில் இரண்டு மூன்று சிற்றுணவு, எந்த இடைவெளியும் மூன்று நான்கு மணி நேரத்தைத் தாண்டாமல். பசித்தாலும் பசிக்காவிட்டாலும் கடிகாரப்படி. பசியும் நிறைவும் சொல்லும் சேதி இந்த நோயில் கலங்கிப்போயிருக்கும், அது தெளியும்வரை கடிகாரத்தை நம்பவேண்டியதுதான். என்ன சாப்பிடுகிறீர்கள் என்பது பிறகு வரும். தொடக்கத்தில் "எப்போது" மட்டும் போதும்.

எடை பார்ப்பது வாரம் ஒருமுறை, சிகிச்சையாளரோடு. வீட்டு எடைக்கருவியை யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். ஒரு நாளில் தண்ணீராலும் உப்பாலும் மலச்சிக்கலாலும் எண் ஏறி இறங்கும். அதைக் கொழுப்பு என்று படிக்கக் கற்றுக்கொண்ட மூளை, நாலைந்து வாரத்துக் கோட்டைப் பார்த்தபின்தான் மெல்ல அடங்கும்.

மருந்தைப் பொறுத்தவரை அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். புலிமியாவுக்கு ஃப்ளூவாக்செட்டின், பொதுவாக நாளுக்கு 60 மில்லிகிராம், மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடக் கூடுதல். பெரியவர்களின் பிஞ்ச் ஈட்டிங்குக்கு லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமினை அமெரிக்காவில் 2015-ல் அனுமதித்தார்கள். அனோரெக்சியாவின் மூலத்தையே தீர்க்கும் மாத்திரை என்று எதுவும் கிடையாது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அனோரெக்சியாவோ புலிமியாவோ இருந்தால் புப்ரோப்பியான் என்ற மனச்சோர்வு மருந்து கூடாது, வலிப்பு வரும் ஆபத்து உண்டு. மனச்சோர்வுக்கென்று வேறொரு மருத்துவரிடம் போகும்போது இதைச் சொல்ல மறக்காதீர்கள்.

படி 6: பகல் சிகிச்சையில் ஒரு நாள்

காலை எட்டரைக்குள் போய்ச் சேரவேண்டும். வாரத்தில் ஓரிரு நாள் எடை, நாடி, ரத்த அழுத்தம். பிறகு காலை உணவு. அதன்பின் குழு. முந்தின மாலை எப்படிப் போயிற்று என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள். இடைச் சிற்றுணவு, இன்னொரு குழு, மதிய உணவு, தனி அமர்வு அல்லது டயட்டீஷியன், மாலைச் சிற்றுணவு, இரவுக்கான திட்டம், வீடு. குழுக்களில் சிபிடி இருக்கும், உணர்ச்சி கொந்தளிக்கும்போது தாக்குப்பிடிக்கும் டிபிடி பயிற்சிகள் இருக்கும், உடல் தோற்றம் பற்றிய வேலை இருக்கும். சில இடங்களில் சேர்ந்து சமைப்பதும், வெளியே போய்ச் சாப்பிடுவதும் உண்டு.

சாப்பாட்டு மேசையைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். ஆறு பேர், நடுவில் ஒரு செவிலியர். அவரும் அதே உணவைத்தான் சாப்பிடுவார். சுவரில் கடிகாரம். மதிய உணவுக்கு அரைமணி, சிற்றுணவுக்குக் கால்மணி. எடை, டயட், உணவின் அளவு பற்றி மேசையில் பேச்சுக் கூடாது. வேறெதைப் பற்றியும் பேசலாம். முதல் நாள் என் ரொட்டியை நான் பதினாறு துண்டாக்கியிருந்தேன். எனக்கே தெரியாது. எதிரில் இருந்தவர், என்னைவிட இருபது வயது மூத்தவர், தன் தட்டைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்: "சின்னதா வெட்டுனா சீக்கிரம் முடியாதும்மா. நானும் பார்த்துட்டேன்." சிரிப்பு வந்துவிட்டது. அந்த இடத்தில் சிரிக்க முடியும் என்று நான் நினைத்ததே இல்லை.

செவிலியர் அதட்டமாட்டார். "வெண்ணெய் இன்னும் காகிதத்தில் இருக்கு, அதையும் தடவிக்கலாமா?" என்பார், அவ்வளவுதான். நாப்கினில் மறைப்பது, சட்டைக் கைக்குள் தள்ளுவது, ஒரே கவளத்தை நெடுநேரம் மெல்லுவது எல்லாம் அவர்கள் நூறு தடவை பார்த்தது. கண்டுபிடித்தால் அவமானப்படுத்துவதில்லை, சொல்லிவிடுவார்கள். தட்டில் மிச்சம் வைத்தால் அதற்கு ஈடாக ஊட்டச்சத்துப் பானம் தரும் மையங்கள் பல. சாப்பிட்டபின் அரைமணி முதல் ஒருமணி நேரம் எல்லோரும் ஒரே அறையில். கழிப்பறைக்குத் தனியே போக முடியாது. சிறைபோலத்தான் இருக்கும். நாலாம் நாள், அந்த அரைமணிக்குள் பதற்றம் ஏறி உச்சிக்குப் போய்த் தானாகவே இறங்குவதை நான் முதன்முறையாக உட்கார்ந்து பார்த்தேன். அதுவரை உச்சிக்குப் போகும் முன்பே எதையாவது செய்துவிடுவேன், அது இறங்கும் என்றே எனக்குத் தெரியாது.

குழுவில் ஒரு தொல்லை உண்டு. ஒப்பீடு. யார் ஒல்லி, யார் மெதுவாகச் சாப்பிடுகிறார், யாருக்கு உடல்நிலை மோசம் என்று மனம் கணக்குப்போடும். வெட்கப்பட்டு மறைக்காமல், தனி அமர்வில் அப்படியே சொல்லிவிடுங்கள். சிகிச்சைக்கு அதுதான் சரக்கு. உங்களைவிட நோய் முற்றியவரைப் பார்த்து "எனக்கு இன்னும் அவ்வளவு இல்லை" என்று தோன்றினால், அது நோயின் குரல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: மாலையும் வார இறுதியும்

வாரத்தில் ஐந்து நாள் பகல் சிகிச்சை என்றாலும், மூன்று வேளைச் சாப்பாடும் மூன்று சிற்றுணவும் என்று எண்ணினால் பாதிக்கு மேற்பட்ட வேளைகள் வீட்டில்தான். வெளிநோயாளர் சிகிச்சை என்றால் ஏறக்குறைய எல்லாமே. ஆகவே திட்டமில்லாமல் வீட்டுக்குப் போகாதீர்கள்.

திட்டம் என்றால் "இரவு நன்றாகச் சாப்பிடுவேன்" என்பதில்லை. ஏழரை மணிக்கு, இன்ன உணவு, இந்த நாற்காலியில், இவரோடு, சாப்பிட்டபின் எட்டரைவரை இன்ன வேலை. எதிர்பாராமல் விருந்தாளி வந்தால் என்ன, வெளியே போகவேண்டி வந்தால் என்ன என்பதும் அதில் இருக்கவேண்டும். ஒருவேளை தவறிப்போனால் அடுத்த வேளையைக் குறைத்து ஈடுகட்டக்கூடாது. அடுத்த வேளை அதற்குரிய நேரத்தில், முழுதாக. நான் இதைக் கற்றுக்கொள்ளத்தான் அதிக நாள் பிடித்தது.

பெரியவர்கள் என்பதால் வீட்டாரை எவ்வளவு உள்ளே விடுவது என்பது உங்கள் தீர்மானம். உங்கள் ஒப்புதல் இல்லாமல், உயிருக்கு ஆபத்து என்ற நிலை தவிர, மையம் பொதுவாக அவர்களிடம் விவரம் சொல்லாது. ஆனாலும் ஒருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு என் அக்கா. முதல் வாரம் அவள் என் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "இன்னும் ரெண்டு வாய், எனக்காக" என்பாள். எனக்கு எரிச்சல் வரும், அவளுக்கு அழுகை வரும். டயட்டீஷியன் ஒருநாள் அவளையும் கூப்பிட்டுப் பேசினார். அன்றிரவு நான் சொன்னேன்: "அக்கா, நீ தட்டைப் பாக்காதே. உன் ஆபீஸ் மேனேஜர் இன்னிக்கு என்ன பண்ணினான், அதைச் சொல்லு." அவள் சொல்ல ஆரம்பித்தாள். அரைமணி நேரம் போனதே தெரியவில்லை. தட்டில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதைக் காட்டி, "இதுவும் திட்டத்துல இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். இருந்தது.

துணையாக இருப்பவருக்கு: சாப்பாட்டு நேரத்தில் பேரமும் வாதமும் வேண்டாம். "இப்பதான் முகத்துல களை வந்திருக்கு, உடம்பு பூசினாப்ல இருக்கே" என்று பாராட்டாகக்கூடச் சொல்லாதீர்கள். கேட்பவர் காதில் அது "குண்டாகிவிட்டாய்" என்றுதான் விழும். கூட உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள். சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் பக்கத்தில் இருங்கள். அதற்குமேல் உளவு வேலை பார்க்கவேண்டாம்.

வேலையிடத்தில் நோயின் பெயரைச் சொல்லியாக வேண்டும் என்பதில்லை. "மருத்துவச் சிகிச்சை, இத்தனை வாரம், இந்த நேரம் வரமுடியாது" என்று மருத்துவரின் கடிதம் போதுமா என்று முதலில் விசாரியுங்கள். வெளிநோயாளர் சிகிச்சையில் வேலையைத் தொடரலாம். பகல் சிகிச்சையின்போது முழுநேர வேலையையும் சேர்த்து இழுக்கப் பார்க்காதீர்கள்.

படி 8: உடம்பு படுத்தும் பாடு

சாப்பிட ஆரம்பித்ததும் வயிறு உப்பும். நெடுநாள் சரியாக உண்ணாதவருக்கு இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும், கொஞ்சம் சாப்பிட்டதுமே நிறைந்ததுபோல் இருக்கும். மருந்து என்னவென்றால், திட்டப்படி சாப்பிடுவதை விடாமல் தொடர்வதுதான். சில வாரங்களில் சரியாகிவிடும். வாந்தியையோ பேதி மாத்திரையையோ நிறுத்தியவருக்குக் கால் முகம் வீங்கும், எடை சட்டென்று ஏறும். உடல் நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் வருவது அது. பலர் இந்த இடத்தில்தான் பயந்து பழையபடி திரும்பிவிடுகிறார்கள். பேதி மாத்திரையை அதிகம் எடுத்தவர் மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். வாந்தி எடுத்துவிட்டால் உடனே பல் துலக்காதீர்கள். அமிலத்தோடு சேர்த்துத் தேய்த்தால் எனாமல் போகும். வெறும் நீரில் கொப்பளியுங்கள்.

இன்னொன்று, எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பாகவே இருக்கிறதே, நான் பேராசைக்காரியா என்ற குற்றவுணர்வு. 1944-45-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் ஆரோக்கியமான 36 ஆண்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தார். அவர்களுக்கு உண்ணுதல் கோளாறு எதுவும் இருந்ததில்லை. ஆனால் நாளெல்லாம் உணவைப் பற்றியே பேசினார்கள், சமையல் குறிப்புகளைச் சேர்த்துவைத்தார்கள், எரிந்து விழுந்தார்கள், ஒதுங்கினார்கள். உணவு திரும்பக் கிடைத்தபோது சிலர் வயிறு முட்டத் தின்றும் பசி அடங்காமல் தவித்தார்கள். என் குணம் என்று நான் நினைத்ததில் பாதி பட்டினியின் வேலை என்று இதைக் கேட்டபோதுதான் தெரிந்தது.

படி 9: நகராமல் நின்றால், முடிவு நெருங்கினால்

நான்கு ஆறு வாரம் ஆகியும் எதுவும் அசையவில்லை என்றால், இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று இருந்துவிடாமல் குழுவோடு உட்கார்ந்து பேசுங்கள். வெளிநோயாளரிலிருந்து பகல் சிகிச்சைக்கு, பகல் சிகிச்சையிலிருந்து மருத்துவமனைக்கு ஏறுவது தோல்வி இல்லை. படிக்கட்டு இருபக்கமும் போகத்தான். எடை இறங்கிக்கொண்டே போனாலோ, ஈசிஜி மாறினாலோ ஆறு வாரமெல்லாம் காத்திருக்கவே கூடாது.

இறங்கும்போது ஒரே தாவலாக இறங்காதீர்கள். ஐந்து நாள், பிறகு மூன்று நாள், பிறகு வாரத்தில் ஒரு மாலை, பிறகு வெளிநோயாளர் அமர்வு. ஒவ்வொரு படியிலும் ஓரிரு வாரம் நின்று, மையத்தில் குறைந்த வேளைகளை வீட்டில் தாங்க முடிகிறதா என்று பாருங்கள். நோய் திரும்புவதற்கு அதிக வாய்ப்புள்ளது முதல் ஓராண்டு. ஆகவே முடியும் முன்பே, தெளிவாக இருக்கும்போதே, எச்சரிக்கைக் குறிகளை எழுதிவையுங்கள். "மறுபடி மோசமானால்" என்று பொதுவாக எழுதிப் பயனில்லை. உங்கள் நோய் எந்தச் சந்து வழியாக வரும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

என் தாள் சமையலறை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறது. நாலே வரி. மாலைச் சிற்றுணவை இரண்டு நாள் தொடர்ந்து விட்டால் அக்காவிடம் சொல்வது. எடைக்கருவி வாங்கத் தோன்றினால் அன்றே சிகிச்சையாளருக்கு மெசேஜ். ஒரு முறை வாந்தி எடுத்தாலும் அந்த வாரமே ரத்தப் பரிசோதனை. ரொட்டியைப் பதினாறு துண்டாக்கினால், கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையால் பிய்ப்பது.